நீச்சல் தெரியாமல் சன்ஸ்கார் ஆற்றில் இறங்கலாமா?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். வயது 48. கல்லூரி முடித்த மகளோடு ஆகஸ்டில் லடாக் போய், சன்ஸ்கார் ஆற்றில் வழிகாட்டிகள் அழைத்துப்போகும் ஒரு வார ராஃப்டிங் (ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஆற்றில் போவது) பயணத்தில் சேர ஆசை. மகள் சின்ன வயதிலிருந்தே காவிரியில் நீந்துகிறவள். இவருக்கு நீச்சல் தெரியாது. "நானும் போகலாமா, இல்லை மகளை மட்டும் அனுப்பட்டுமா? அவளுக்கு ஆறு ஒன்றும் புதிதில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அக்கா, முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். இந்த ஆகஸ்டில் இரண்டு பேரும் லடாக் போங்கள். ஆனால் ஒரு வாரப் பயணத்துக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். சில்லிங் என்ற ஊரிலிருந்து நிம்மு வரை ஒரே நாளில் முடிகிற பகுதி ஒன்று இருக்கிறது, அதில் ஏறுங்கள். ஆற்றின் மேல்பக்கம் உள்ள பாதும் என்ற ஊரிலிருந்து வரும் முழுப் பயணத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகளைத் தனியாக முழுப் பயணத்துக்கு அனுப்புவதும் இப்போது வேண்டாம். உண்மையில் உங்களைவிட உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்கு யோசனை அதிகம்.

நான் திருவையாற்றுக்காரன். புஷ்ய மண்டபத் துறையில் குதித்து நீச்சல் பழகியவன். பிறகு சில கோடைகள் லடாக்கில் ஒரு ராஃப்டிங் குழுவோடு, சாமான் ஏற்றிவரும் படகில் வேலை பார்த்தேன். நம் ஊர் நீச்சல் அங்கே எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஆற்றில் விழுந்தால் பயம் எதில்? ஆழத்தில், மணல் அள்ளிய குழியில், மதகடிச் சுழலில். தண்ணீரின் சூடு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஐப்பசியில் துலாக் கட்டத்தில் விடியற்காலை முங்கினால்கூட ஒரு நடுக்கம், அவ்வளவுதான். சன்ஸ்கார் தண்ணீர் பனியாறு உருகி வருவது. நடுக்கோடையிலும் கை விட்டால் விரல் நோகும். அதற்குள் திடீரென்று விழுகிறவருக்கு முதலில் நேர்வது மூழ்குவது இல்லை. உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். தலை நீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். அடுத்து மூச்சு தாறுமாறாக ஓடும், யார் சொல்வதும் காதில் விழாது.

கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் குளிர்நீர் பற்றி 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பினார். உறைநிலைக்குப் பக்கத்தில் உள்ள நீரில், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர உங்களுக்கு 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள 10. எத்தனை கெட்டிக்கார நீச்சல்காரராக இருந்தாலும் அதற்குப் பிறகு கை வீச வராது. அப்போது தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட் மட்டும்தான். அதை ஒழுங்காகக் கட்டியிருக்கும் நீச்சல் தெரியாதவர், தளர்த்திவிட்ட நீச்சல்காரரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

இப்போது உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். காவிரியில் பழகியவர்களின் உடம்பில் இரண்டு பழக்கம் ஊறியிருக்கும். ஒன்று, விழுந்ததும் குப்புறத் திரும்பிக் கரையைப் பார்த்து நீந்துவது. இன்னொன்று, கால் தரையில் பட்டதும் எழுந்து நிற்பது. அடியில் மணல் உள்ள ஆற்றில் இரண்டும் சரி. சன்ஸ்காரின் அடியில் கிடப்பது பாறை. இடுப்பளவு தண்ணீர்தானே என்று ஓட்டத்தில் எழுந்து நின்றால் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டும். மேலேயிருந்து வரும் வேகம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மாட்டின காலைப் பிடுங்க முடியாது, தலையைத் தூக்கவும் முடியாது. முழங்கால் அளவு நீரிலேயே உயிரைக் கொண்டுபோகும் விபத்து இது. அதனால்தான் மலையாற்றில் முதல் பாடம்: மல்லாந்து மித, கால் இரண்டும் ஓட்டம் போகும் திசையில் முன்னால், பாதம் நீருக்கு மேலே தெரிய வேண்டும், எக்காரணம் கொண்டும் நிற்காதே. பாறை வந்தால் பாதத்தால் உதைத்துத் தள்ளிக்கொள்ளலாம். ஓட்டம் தணிந்த பக்கம் கண்ணில் பட்டால் அப்போது திரும்பி முழு வேகத்தில் நீந்த வேண்டும், அதுவும் வழிகாட்டி கை காட்டும் பக்கம்.

நீச்சல் தெரியாதவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் சொன்னபடியே கிடப்பார், அவரிடம் வேறு பழக்கம் கிடையாது. நன்றாக நீந்துகிறவர் கரையில் தலையாட்டிவிட்டு, விழுந்ததும் பழையபடி கையை வீசுவார். பயிற்சி நேரத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நீச்சல் அவளுக்குத் துணிச்சல் தருகிறது, தண்ணீரில் பதறாத மனசு தருகிறது, அது பெரிய சொத்து. புது ஆற்றின் பழக்கம் ஒரு நாளாவது அதன் மேல் ஏற வேண்டும். சில்லிங்–நிம்மு நாளை நான் சொல்வது அதற்குத்தான்.

வழிகாட்டி எதற்கு என்று பலர் கேட்பதால் அதையும் சொல்கிறேன். துடுப்புப் போடுவது நீங்களும் கூட வருகிறவர்களும்தான். படகின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் செய்வது ஆற்றைப் படிப்பது. எந்த அலைக்கு அடியில் பாறை இருக்கிறது, எங்கே நீர் திரும்பி மேல்நோக்கி உருளுகிறது, பாறைக்குப் பின்னால் எங்கே படகை ஒதுக்கி நிறுத்தலாம் என்று தூரத்திலேயே பார்த்துவிடுவார். தெரியாத வளைவு வந்தால் படகைக் கரையில் கட்டிவிட்டு, பாறை மேல் ஏறி நின்று வெகுநேரம் தண்ணீரைப் பார்ப்பார். அந்த நேரத்தில் "ஏன் தாமதம்" என்று யாரும் கேட்கக் கூடாது. "இந்த இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்து வாருங்கள்" என்றால் நடந்துவிட வேண்டும்.

நல்ல வழிகாட்டியை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். புறப்படும் முன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். லைஃப் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து விருட்டென்று மேலே தூக்குவார். ஜாக்கெட் ஏறி வந்து காதைத் தொட்டால், பக்கவாட்டு வார் ஒவ்வொன்றையும் இழுத்து இறுக்கிவிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார். மூச்சு முட்டுகிறது என்று சொல்வீர்கள். "பேச முடிகிறதல்லவா, அது போதும்" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி எல்லோரும் தளர்த்திக்கொண்டதும், ஏறும் முன் திரும்பவும் அதே சோதனை. இதைச் செய்யாமல் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள், கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை.

ஆற்றின் போக்கும் நம் காவிரிக்கு நேர் மாறு. நமக்குத் தண்ணீர் என்பது மேட்டூரில் ஷட்டர் திறக்கும் தேதி. ஜூன் 12-ல் திறந்தார்களா, கல்லணைக்கு எப்போது வரும், கடைமடைக்கு எப்போது எட்டும் என்றுதான் கணக்குப் போடுவோம். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, போகப் போக வேகம் தணியும். சன்ஸ்காருக்கு மதகு கிடையாது, அதன் ஷட்டர் வெயில்தான். வெயில் ஏற ஏறப் பனி உருகும். உருகின நீர் மலை இறங்கிப் படகு இருக்கும் இடத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் பல இடங்களில் சாயங்காலத்துக்கு மேல்தான் ஆறு ஏறும், சில இடத்தில் நடுராத்திரிக்கு மேல். கூடாரம் போட்ட மணல் திட்டு காலையில் பாதியாகச் சுருங்கியிருக்கும். எங்கள் குழுவின் தலைமை வழிகாட்டி கரையில் இறங்கியதும் ஒரு குச்சியை நீரோரத்தில் நட்டுவிடுவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டார்ச்சோடு போய் அதைப் பார்ப்பார். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால், களைத்துப் படுத்தவர்களையும் எழுப்பிக் கூடாரத்தை மேலே மாற்றச் சொல்வார், படகுகளை இன்னும் இழுத்து இரண்டு இடத்தில் கட்டுவார். வழிகாட்டிக்குத் தரும் பணத்தில் பாதி இதற்குத்தான்.

வெயிலைத் தவிர மலையும் ஆற்றை மாற்றும். 2014 டிசம்பர் 31 அன்று சன்ஸ்காரின் மேல் கிளையான புக்தால் ஆற்றில் மலை சரிந்து அடைத்து, பின்னால் பெரிய ஏரியே உண்டாகிவிட்டது. 2015 மே 7-ல் அது உடைத்துக்கொண்டு வந்தபோது கீழே பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2010 ஆகஸ்டில் லடாக்கின் முக்கிய நகரமான லே பக்கம் மேகவெடிப்பு வந்து பெரிய சாவு. இவை தினமும் நடப்பவை இல்லை, பயமுறுத்தவும் சொல்லவில்லை. மேலே என்ன நிலவரம் என்று விசாரித்துவிட்டுத்தான் படகை இறக்கும் குழுவா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறென்ன கேட்க வேண்டும்? படகுகளுக்குக் கூடவே தனிக் கயாக்கில் (ஓர் ஆள் உட்காரும் ஒடுக்கமான சிறு படகு) ஒருவர் பாதுகாப்புக்கு வருகிறாரா என்று கேளுங்கள். விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேருவது அவர்தான். முழுப் பயணத்துக்கு ஒரே ஒரு படகு மட்டும் என்றால் வேண்டாம். அது கவிழ்ந்தால் உங்களை எடுக்க யாருமில்லை. வெட்சூட்டும் (குளிர்நீர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) ஹெல்மெட்டும் உங்கள் அளவுக்கு இருக்கிறதா என்பது நம் பெண்களுக்கு முக்கியமான கேள்வி. பெரும்பாலும் ஆண்கள் அளவுதான் கட்டிக் கிடக்கும், தொளதொள வெட்சூட்டுக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அதைப் போட்டுப் பயனில்லை. உயரம், எடை, மார்பளவு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள். உங்களை அழைத்துப்போகும் வழிகாட்டி இந்த வருடம் அந்த ஆற்றில் இறங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். போன வருட ஆறு இந்த வருடம் இருக்காது. பள்ளத்தாக்கு நெடுக இப்போது சாலை போட்டிருப்பதால் வெடிவைத்துத் தள்ளிய பாறை எங்கே விழுந்து கிடக்கிறது என்பது நேரில் போனவருக்கே தெரியும். ஆபத்து வந்தால் வெளியே எப்படித் தகவல் சொல்வீர்கள் என்பதும் கேட்க வேண்டியது. நம் நாட்டில் சாட்டிலைட் போன் அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது, ஆகவே "எல்லாம் பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கழிப்பறை பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல குழு தனிக் கூடாரம் போட்டு, கழிவைப் பெட்டியில் அடைத்துத் திரும்ப எடுத்துவரும். மகளுக்கு மாதவிடாய் நாள் வந்தால் துணி மாற்ற இடம், கழிவு போட மூடியுள்ள பை எல்லாம் அந்தக் கூடாரத்திலேயே இருக்கும்.

மொழி ஒரு தடையா என்று உங்களுக்குத் தோன்றலாம். வழிகாட்டிகள் பெரும்பாலும் லடாக்கிகள், நேபாளிகள், ரிஷிகேஷ் பக்கத்துப் பையன்கள். பேச்சு இந்தியில் ஓடும். ஆனால் படகில் வரும் உத்தரவு ஐந்தாறு சொல்தான்: ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன், ஹை சைடு. கடைசியில் சொன்னதற்கு அர்த்தம், படகு பாறையில் மோதி ஒரு பக்கம் தூக்கும்போது எல்லோரும் அந்தத் தூக்கின பக்கம் பாய வேண்டும் என்பது. பயத்தில் உடம்பு எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும், அப்போது படகு கவிழும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாவது அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். யோசித்துப் புரிந்துகொண்டு நகர அங்கே நேரமில்லை.

உயரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதை அலட்சியம் செய்துதான் அதிகம் பேர் பயணத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மயிலாடுதுறை கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். விமானத்தில் போய் இறங்கினால் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுக்காமல் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் உயரமான இடம், குளிர்ந்த நீர் இரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்டு எண் ஒன்று கையில் இருக்கட்டும்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னவன் அந்த ஆறு எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முழுப் பயணம் பாதும் பக்கத்தில் தொடங்கும். ஸ்தோத், லுங்நக் என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடித்தான் சன்ஸ்கார் ஆகிறது. பென்சி லா கணவாய் வழியாகச் சாலையில் வந்தால், ஸ்தோத் பிறக்கும் திராங் துருங் பனியாற்றை மேலேயிருந்தே பார்க்கலாம். முதலில் அகலமான சமவெளி, பார்லி வயல், மலைமேல் அடுக்கடுக்காகக் கர்ஷா மடாலயம். ஆறு அங்கே பரந்து கிளை விட்டு ஓடும், நம் கொள்ளிடத்தின் மணல் படுகை ஞாபகம் வரும். மத்தியானம் எதிர்க்காற்று எழும்பித் துடுப்புப் போடுகிறவர் தோளை வாங்கிவிடும். பிறகு மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து கதவடைத்த மாதிரி பள்ளத்தாக்கு தொடங்கும். சிவப்பு, பச்சை, ஊதா என்று பாறை அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். நியெரக் என்ற ஊர்ப் பக்கம் அவ்வளவு பெரிய ஆறு சில மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கிவிடும். அங்கே யாரும் பேசுவதில்லை.

எனக்கு மறக்காதது ஒரு சத்தம். அலையில்லாத இடத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகின் தரையில் காது வைத்தால், அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று விடாமல் ஓர் இரைச்சல் கேட்கும். பனியாறு அரைத்த பாறைத் தூள் நீரோடு போகும்போது ரப்பரில் உரசும் சத்தம் அது. வண்டல் படிந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நாம், வண்டல் உருவாகி ஓடுவதைக் காதால் கேட்கும் இடம் அது. அதற்காகவே உங்களைப் போன்ற டெல்டாக்காரர்கள் ஒருமுறை அங்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் சில்லிங்கில் மார்க்கா ஆறு வந்து சேரும், நிம்முவில் சன்ஸ்கார் சிந்துவில் விழும். இரண்டு நிறத் தண்ணீரும் கொஞ்ச தூரம் கலக்காமல் ஒட்டி ஓடுவதை ஒரு நாள் பயணத்திலேயே நீங்கள் பார்த்துவிடலாம்.

நிம்மு, பாதும், இமாச்சலத்தில் உள்ள தார்ச்சா மூன்றையும் இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் தொடர்ச்சியாக இணைந்துவிட்டது. அங்கே இருக்கும் மக்களுக்கு அது மிகத் தேவையானது. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக உறைந்த ஆற்றின் மேல் நடந்த ஊர்கள் அவை. ஆற்றில் போகிறவருக்கு முன்பிருந்த தனிமை இனிக் கிடைக்காது. விபத்து என்றால் வெளியேற வழி உண்டு. உங்களைப் போல முதல்முறை போகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சில்லிங்–நிம்மு பகுதி 30 கிலோமீட்டருக்குள்தான். நடுத்தரமான அலைகள், சாலை பக்கத்திலேயே. நீச்சல் தெரியாதவர்களையும் பல குழுக்கள் ஏற்றிக்கொள்ளும், ஆனால் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவும் பெரிதாகத் தோன்றினால் சிந்துவில் ஃபே முதல் நிம்மு வரை இன்னும் சாதுவான பகுதி உண்டு, அதில் முதல் நாள் போய்விட்டு மறுநாள் சில்லிங் வரலாம். தேதி மட்டும் கவனம். ஆடிப்பெருக்குச் சமயம் அங்கேயும் பெருக்குதான், ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நீர் உச்சத்தில் இருக்கும். ஆவணி பிறந்த பிறகு, ஆகஸ்ட் கடைசி வாரம் என்றால் கொஞ்சம் தணிந்திருக்கும்.

அதுவரை இருக்கும் நாளில், பக்கத்தில் நீச்சல் குளம் எங்கே இருக்கிறதோ அங்கே சேருங்கள். நீளமாக நீந்தக் கற்க வேண்டியதில்லை. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சு விடுவது, மூக்கில் தண்ணீர் ஏறினால் பதறாமல் இருப்பது, லைஃப் ஜாக்கெட் போட்டு மல்லாந்து காலை முன்னால் நீட்டி மிதப்பது, இந்த மூன்றும் வந்தால் ஒரு நாள் பயணத்துக்குப் போதும். மகளையும் கூட்டிப்போய் அதே மூன்றைப் பழகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பாதுமிலிருந்து இறங்குவதற்குள் நீங்களும் கொஞ்சமாவது நீந்தப் பழகியிருக்க வேண்டும். முழுப் பயணத்தில் அலைகள் பெரியவை, அங்கே என் பதில் இவ்வளவு இளக்கமாக இருக்காது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் குழுவிடம் மேலே சொன்னவற்றைக் கேட்டு, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். குறிப்பாகப் பாதுகாப்புக் கயாக், படகு எண்ணிக்கை, வெட்சூட் அளவு. அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டலாமா என்று சொல்கிறேன்.